சிங்கப்பல் இல்லாத டாக்டர்

பல்லக்கா என்ற பெயரை அவளுக்கு வைத்தது, கிளினிக்குகளிலிருந்து அச்சுப் பெட்டிகளைக் கொண்டுவந்து தரும் ஸ்கூட்டர்க்காரிதான். முதலில் 'பல் லேப் அக்கா' என்று முழுசாகத்தான் கூப்பிட்டாள். மூன்று மாடி ஏறி மூச்சு வாங்கியபடி கூப்பிட்டதில் நடுவிலிருந்த 'லேப்' எந்தப் படியிலோ விழுந்துவிட்டது. கொஞ்ச நாளில் முதலாளியே அப்படிக் கூப்பிடத் தொடங்கினார்.

பல் மருத்துவர்கள் நோயாளியின் வாயில் அச்சு எடுத்து அனுப்புவார்கள். அதில் பிளாஸ்டர் ஊற்றி, இறுகியதும் பிரித்தெடுத்து, இல்லாத பல்லைப் பீங்கானில் செய்து கொடுப்பது பல்லக்காவின் வேலை. பீங்கான் பொடியைக் குழைத்து, மெல்லிய தூரிகையால் அடுக்கடுக்காக ஏற்றி, சின்ன உலையில் வைத்துச் சுட்டெடுப்பாள். இருபத்து நான்கு வருடங்களாக இதே மேசை, இதே ஜன்னல் வெளிச்சம். "எல்லாருக்கும் வெள்ளை வெளேர்னு பல் வேணுமாம். வாய்க்குள்ள டியூப் லைட்டா மாட்ட முடியும்?" என்று அலுத்துக்கொள்வாள். பக்கத்துப் பல் கொஞ்சம் திரும்பியிருந்தால் தான் செய்யும் பல்லையும் ஒரு மயிரிழை திருப்பி வைப்பாள். கடையில் வாங்கின பல் மாதிரி இருக்கக் கூடாது, அந்த வாயிலேயே முளைத்தது மாதிரி இருக்க வேண்டும் என்பது அவள் கட்சி.

அவளுக்கு இன்னொரு வைராக்கியமும் இருந்தது. அது ஒரு தொலைக்காட்சித் தொடரைப் பற்றியது.

இருபத்திரண்டு வயதில், தொழில் படித்த காலத்து விடுதியின் பொது அறையில்தான் 'எட்டாம் துறைமுகம்' தொடரை முதலில் பார்த்தாள். விண்வெளியில் மிதக்கும் ஒரு துறைமுகம். கப்பல்கள் வரும், போகும், வாரத்துக்கு ஒரு வம்பு வந்து சேரும். துறைமுகத்தை நடத்துபவள் கேப்டன். அடிபட்டவர்களைத் தேற்றுபவள் டாக்டர். டாக்டருக்கு இடப்பக்கம் ஒரு சிங்கப்பல். அவள் சிரிப்பதற்கு முன்பே அது எட்டிப்பார்த்துச் சிரித்துவிடும். விடுதிப் பெண்கள் எல்லோரும் தொடரில் வந்த விமானியைப் பார்த்துப் பெருமூச்சு விட்டபோது, பல்லக்கா மட்டும் டாக்டர் எப்போது சிரிப்பாள் என்று காத்திருந்தாள். தான் எப்படிப்பட்டவள் என்று அவளுக்குப் பிடிபட்டதும் அந்த அறையில், கால் உடைந்த ஒரு நாற்காலியில்தான்.

தொடரில் கேப்டனும் டாக்டரின் சிரிப்புக்காகக் காத்திருப்பதாகவே அவளுக்குப் பட்டது. மூன்றாம் வருடம் ஒரு பாகம் முழுக்க இருவரும் பழுதான லிப்டில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். விரலோடு விரல் படவில்லை. ஆனால் பார்த்த பார்வை இருக்கிறதே, அதை வைத்து பல்லக்கா ஒரு வருடம் ஓட்டினாள். இதோ சொல்லப்போகிறார்கள், அடுத்த வாரம் சொல்லிவிடுவார்கள் என்று ஏழு வருடம் போனது. ஏழாம் வருடம் டாக்டரின் மீட்புப் படகைத் துறைமுக வாசலிலேயே வெடிக்க வைத்தார்கள். அடுத்த இரண்டாவது பாகத்தில் கேப்டனுக்கும் விமானிக்கும் கல்யாணம். தொடரை எடுத்தவர்கள் ஒரு பேட்டியில், "அவர்கள் இருவரும் சகோதரிகள் மாதிரி" என்றார்கள்.

"எந்த வீட்டுல அக்கா தங்கச்சி லிப்டுக்குள்ள அப்படிப் பாத்துக்கறாங்க?" என்று பல்லக்கா அன்றைக்குக் கேட்டாள். அதற்கு இன்றுவரை யாரும் பதில் சொல்லவில்லை.

பிறகு அந்தத் தொடரிலிருந்து ஒரு படம் வந்தது. ரோபோக்களை வைத்து இன்னொரு தொடர் வந்தது. வயதான கேப்டனைத் திரும்பக் கூட்டிவந்து ஒரு தொடர். அதில் டாக்டரைப் பற்றி ஒரே ஒரு வரி: 'எனக்கு ஒரு நல்ல தோழி இருந்தாள்'. ஒவ்வொன்றும் முந்தியதைவிட மோசம். பல்லக்கா ஒன்றையும் விடவில்லை.

"பிடிக்கலன்னா எதுக்குப் பாக்கற?" என்று கேட்பாள் நீச்சல் டீச்சர்.

"பாத்தாதானே திட்ட முடியும்."

நீச்சல் டீச்சர் பல்லக்காவின் துணைவி. பள்ளியின் நீச்சல் குளத்தில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பவள். நாள் முழுக்கத் தண்ணீருக்கு மேல் கத்திக் கத்தி, வீட்டிலும் அதே குரலில்தான் உப்பு கேட்பாள். பதினாறு வருடங்களாக இருவரும் ஒரே வீட்டில் இருந்தார்கள். வீட்டுப் பத்திரத்தில் இருவர் பெயரும் இருந்தது. பல்லக்காவைக் கேலியாகப் 'பல்லு' என்பாள் டீச்சர். கோபமாக இருந்தாலும் பல்லுதான், குரல் மட்டும் வேறு.

பல்லக்காவுக்குச் சொந்தம் என்று இருந்தது ஒரே ஒரு தம்பி. லிப்ட் மெக்கானிக். டீச்சரோடு குடியேறிய புதிதில் அவனை உட்கார வைத்து, "நானும் இவளும் சேர்ந்து வாழறோம், புருஷன் பொண்டாட்டி மாதிரி" என்று சொன்னாள். தம்பி காது சிவந்து, "சரிக்கா" என்றான். பிறகு, "மழை வர்ற மாதிரி இருக்குல்ல?" என்றான். அவ்வளவுதான். திட்டவில்லை, உறவை முறிக்கவில்லை. வருடத்துக்கு இரண்டு மூன்று முறை வருவான், சோபாவின் விளிம்பில் ஆணி மேல் உட்கார்ந்தவன் மாதிரி உட்காருவான், டீ குடிப்பான், கிளம்பும்போது, "உங்க ஃப்ரெண்டு நல்லாருக்காங்களா?" என்று கேட்பான். அந்த ஃப்ரெண்டு எதிரிலேயே உட்கார்ந்திருப்பாள்.

"நல்லாருக்கேன்" என்பாள் டீச்சர், குளத்துக் குரலில்.

அந்த வருடம் ஓரினக் காதலர்களைக் கொண்டாடும் பெருமித மாதம் பிறந்ததும் எல்லாக் கடைகளும் வழக்கம்போல அதன் அடையாளமான வானவில்லை எடுத்து மாட்டிக்கொண்டன. வங்கி மாட்டியது, மருந்துக்கடை மாட்டியது, கொசுவர்த்தி விற்பவன்கூட மாட்டினான். பல்லக்கா அதையெல்லாம் கண்டுகொள்ளவில்லை. ஆனால் ஒரு நாள் மதிய இடைவேளையில், செல்போனில் ஒரு விளம்பரம் வந்து நின்றது. வானவில் பின்னணியில் கேப்டனும் டாக்டரும் முதுகோடு முதுகு ஒட்டி நிற்கிறார்கள். கீழே 'எல்லாக் காதலும் கரை சேரும்' என்று எழுதியிருந்தது. டீ சட்டை, கோப்பை, பை, சட்டையில் குத்திக்கொள்ளும் வில்லை என்று வரிசையாகப் பொருட்கள்.

பல்லக்கா சாப்பாட்டு டப்பாவை மூடிவிட்டாள்.

"கரை சேர விட்டீங்களாடா? வாசல்லயே வச்சு வெடிச்சீங்களே!" என்று அவள் போட்ட சத்தத்தில் முதலாளி உள்ளேயிருந்து எட்டிப்பார்த்தார். வேலையில் ஏதாவது உடைந்துவிட்டதோ என்று அவருக்குப் பயம்.

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். அப்போதுதான் இன்னும் பெரிய அநியாயம் கண்ணில் பட்டது. டாக்டரின் சிங்கப்பல் இல்லை. யாரோ ஒரு ஓவியர் அத்தனை பல்லையும் ரம்பம் வைத்து அறுத்தது மாதிரி ஒரே வரிசையில், ஒரே வெள்ளையில் போட்டுவிட்டார்.

அன்று மாலை வீட்டில் ஒரு மணி நேரம் அதைப் பற்றியே பேசினாள். டீச்சர் நனைந்த நீச்சல் உடைகளைக் கொடியில் போட்டபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"எடுத்தப்ப தைரியம் இல்ல. இப்ப விக்கறதுக்கு மட்டும் தைரியம் வந்துருச்சு. இதுல ஒண்ணைக்கூட இந்த வீட்டு வாசப்படி ஏற விட மாட்டேன்."

"சரி."

"இதே கோப்பை எனக்கு இருபத்திரண்டு வயசுல ஒரு கடையில இருந்திருந்தா..." என்று ஆரம்பித்து நிறுத்தினாள்.

"இருந்திருந்தா?"

"வாங்கி, தலகாணிக்கு அடியில வச்சுட்டுத் தூங்கியிருப்பேன்" என்றாள் பல்லக்கா. அதை ஒத்துக்கொள்ள வேண்டி வந்ததில் அவளுக்கு இன்னும் எரிச்சல்.

பத்து நாள் கழித்து அவளுடைய பிறந்தநாள் வந்தது. காலையில் ஒரு பெரிய அட்டைப்பெட்டி வந்து இறங்கியது. அனுப்பியவன் தம்பி. பிறந்தநாளுக்கு அவன் எப்போதும் போன் மட்டும்தான் செய்வான், பெட்டியெல்லாம் அனுப்பும் பழக்கம் இல்லை. டீச்சர் கத்தரிக்கோலால் பெட்டியைத் திறந்தாள். மேலே இருந்த தாளை விலக்கினாள். பிறகு வாயைப் பொத்திக்கொண்டாள்.

"என்ன?"

"நீயே வந்து பாரு. கத்தாதே."

உள்ளே இரண்டு வானவில் கோப்பைகள். இரண்டு டீ சட்டைகள். ஒரு பை. எல்லாவற்றிலும் கேப்டனும் டாக்டரும், எல்லாக் காதலும் கரை சேரும்.

பல்லக்காவுக்குச் சிரிப்பும் ஆத்திரமும் ஒன்றாகத் தொண்டைக்கு வர, எதை முதலில் விடுவது என்று தெரியாமல் இருமினாள். "இவனுக்கு வேற எதுவுமே கிடைக்கலையா?" என்று சொல்லிக்கொண்டே பெட்டியின் அடியில் கையை விட்டபோது ஒரு வாழ்த்து அட்டை அகப்பட்டது. தம்பியின் கோணல் எழுத்து. 'அக்காவுக்கும்' என்று எழுதி, அடுத்த சொல்லை அடித்திருந்தான். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் அது 'ஃப்ரெண்டுக்கும்' என்று தெரிந்தது. அடுத்து எழுதியதையும் அடித்திருந்தான். அது 'டீச்சருக்கும்'. மூன்றாவதாக, பேனாவை அழுத்தி, 'அண்ணிக்கும்' என்று எழுதியிருந்தான். கீழே, 'அன்புடன் தம்பி.'

பல்லக்கா அட்டையை டீச்சரிடம் நீட்டினாள். டீச்சர் அதை இரண்டு முறை படித்தாள்.

"அண்ணின்னா யாரு? நானா?" என்று கேட்டாள். வாழ்க்கையில் முதல் முறையாக அவள் குரல் பக்கத்து அறைக்குக்கூடக் கேட்காத அளவில் இருந்தது.

 பிறகு டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஒரு டீ சட்டையை எடுத்துத் தலை வழியாக மாட்டினாள். அளவு கச்சிதமாக இருந்தது. அவளுடைய தோள் அகலத்துக்குச் சட்டை வாங்குவது லேசான காரியம் இல்லை. தம்பி சோபா விளிம்பில் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்ததாகத்தான் இத்தனை வருடமும் இருவரும் நினைத்திருந்தார்கள்.

பல்லக்கா தம்பிக்குப் போன் போட்டாள். அவன் ஏதோ கட்டடத்தில் வேலையில் இருந்தான். பின்னால் சங்கிலி உரசும் சத்தம்.

"பெட்டி வந்துச்சாக்கா? புடிச்சிருக்கா?"

பொய் சொல்லிவிடலாம் என்று ஒரு கணம் நினைத்தாள். இத்தனை வருடம் மழையைப் பற்றிப் பேசியே ஓட்டியதும் ஒரு பொய்தானே என்று தோன்றியது.

"அட்டை ரொம்பப் புடிச்சிருக்குடா. எவ்வளவு புடிச்சிருக்குன்னு சொல்லத் தெரியல. மத்ததைப் பத்தி உனக்கு ஒண்ணு சொல்லணும். உக்காந்திருக்கியா?"

"லிப்ட் மேல நிக்கறேன்."

"அப்ப இறங்கி உக்காரு."

அவன் இறங்கி உட்கார்ந்தான். அவள் விடுதி நாற்காலியில் தொடங்கி, சிங்கப்பல், லிப்ட், மீட்புப் படகு, விமானியின் கல்யாணம், சகோதரிகள் மாதிரி என்ற பேட்டி, ரோபோக்கள் வரை ஒன்றுவிடாமல் கொட்டித் தீர்த்தாள். நாற்பது நிமிடம் ஆனது. அக்கா தன்னைப் பற்றித் தம்பியிடம் இவ்வளவு பேசியதே இல்லை. அவனும் குறுக்கே பேசாமல் கேட்டான்.

"ஐயையோ" என்றான் கடைசியில். "உனக்கு அந்தத் தொடர் புடிக்கும்னு மட்டும்தான் எனக்குத் தெரியும். சின்ன வயசுல நான் சேனலை மாத்தினா அடிப்பியே. வானவில்லும் இருக்கு, தொடரும் இருக்கு, ரெண்டும் ஒண்ணாவே கிடைச்சிருச்சுன்னு சந்தோஷமா வாங்கிட்டேன். திருப்பி அனுப்பிடவா?"

"தொட்டுப் பாரு, கையை உடைக்கறேன்" என்றாள் பல்லக்கா.

டீச்சர் போனைப் பிடுங்கி, "கொழுந்தனாரே! சட்டை அளவு பிரமாதம்!" என்று கத்தினாள்.  மறுமுனையில் தம்பி சிரிக்கும் சத்தம் கேட்டது. அந்தச் சிரிப்பைக் கேட்டுப் பல வருடம் ஆகியிருந்தது.

அதற்காகப் பல்லக்கா கம்பெனிக்காரர்களை மன்னித்துவிட்டாள் என்று அர்த்தமில்லை. மறுநாள் ஒரு கோப்பையை லேபுக்கு எடுத்துப் போனாள். மதிய இடைவேளையில் கைக் கருவியில் மெல்லிய வைர முனையை மாட்டி, முகமூடி அணிந்து, கோப்பையின் அடியில் பெரிதாக இருந்த கம்பெனி முத்திரையைச் சுரண்டி எடுத்தாள். அடுத்து, வாக்கியத்தில் 'கரை சேரும்' என்பதில் கொஞ்ச நேரம் முனையை வைத்துக்கொண்டே யோசித்தாள். அதை அழிக்க மனம் வரவில்லை. விட்டுவிட்டாள். கடைசியாக உருப்பெருக்கிக் கண்ணாடியைக் கீழே இறக்கி, டாக்டரின் வாயில், இடப்பக்கம், எள் அளவு இடத்தில் வேலையைத் தொடங்கினாள். பக்கத்துப் பல்லின் ஓரத்தைக் கீறி, வேர்ப்பக்கம் சற்றே வெளியே தள்ளினாற்போல் ஒரு வளைவு கொடுத்து, கீறலில் கறுப்புச் சாயம் தடவித் துடைத்தாள். தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். டாக்டர் சிரித்துவிட்டாள்.

ஸ்கூட்டர்க்காரி பெட்டிகளோடு ஏறி வந்தவள், மேசை மேல் இருந்த கோப்பையை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"யாருக்கா இவங்க ரெண்டு பேரும்? ஜோடியா?"

"ஆமா."

"டிவில வர்றவங்களா? அதுல ஜோடின்னு காட்டினாங்களா?"

"காட்டல" என்றாள் பல்லக்கா. "கோப்பையில மட்டும் காட்டிட்டாங்க."

"அதுவாவது வந்துச்சே" என்றாள் ஸ்கூட்டர்க்காரி. கோப்பையைக் கவனமாக வைத்துவிட்டு, "இந்தப் பொண்ணுக்குப் பல்லு அழகாருக்கு" என்று சொல்லிப் படி இறங்கிப் போனாள். அவள் போன பிறகும் பல்லக்கா 'அதுவாவது வந்துச்சே' என்பதையே நினைத்துக்கொண்டிருந்தாள். கோபம் அப்படியேதான் இருந்தது. ஆனால் அந்தக் கோப்பையில் குடித்த டீ, சொன்னால் வெட்கம், நன்றாகவே இருந்தது.

ஒரு வாரம் கழித்துத் தம்பி போன் செய்தான். எடுத்த எடுப்பிலேயே, "அக்கா, அந்த லிப்ட் அப்படி நிக்காது" என்றான்.

"எந்த லிப்ட்?"

"உன் கேப்டனும் டாக்டரும் மாட்டிக்கிட்டாங்களே, அதுதான். கேபிள் அறுந்தா பக்கத்துல பிரேக் பிடிக்கும், நிக்கும், சரி. ஆனா கதவைக் கையால திறக்க உள்ளேயே வழி இருக்கும். கேப்டனுக்கு அது தெரியாம இருக்குமா? அவ வேணும்னேதான் திறக்கல."

பல்லக்கா போனைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். இருபத்தைந்து வருடமாக ஆயிரம் முறை நினைத்துப் பார்த்த காட்சி. இது அவளுக்குத் தோன்றவே இல்லை.

"வேணும்னேவா?"

"பின்ன? எனக்கே தெரியுது, அதை எடுத்தவனுக்குத் தெரியாதா?"

தம்பி தொடரை முதலிலிருந்து பார்க்கத் தொடங்கியிருந்தான். தினமும் வேலை முடிந்து வரும் ரயிலில் இரண்டு பாகம். அதிலிருந்து வாரத்துக்கு நாலு போன் வந்தது. விமானியைக் கண்டாலே தனக்குப் பற்றிக்கொண்டு வருவதாகச் சொன்னான். கேப்டன் டாக்டருக்குக் கையுறை கொடுத்த இடத்தில் ரயிலை விட்டு இறங்க மறந்து, இரண்டு நிலையம் தாண்டிப் போய்விட்டானாம். முடிவு என்னவென்று பல்லக்கா ஏற்கெனவே சொல்லியிருந்தும், ஒரு சனிக்கிழமை பகலில் நேராக வீட்டுக்கே வந்து நின்றான். முகம் செத்துப்போயிருந்தது.

"படகைக் கொளுத்திட்டாங்கக்கா."

"சொன்னேன்ல."

"சொன்ன. ஆனா பாக்கறது வேற." சோபாவில் தொப்பென்று விழுந்தான். விளிம்பு ஞாபகமெல்லாம் இல்லை. "அண்ணி, நீங்களே சொல்லுங்க, வாசல்ல வச்சு யாராவது அப்படிப் பண்ணுவாங்களா?"

"நான் அந்தக் கண்றாவியைப் பாத்ததே இல்ல" என்றாள் டீச்சர். "ஆனா பதினாறு வருஷமா கேட்டுட்டு இருக்கேன். படகு வெடிச்ச நேரத்தை நொடியோட சொல்லுவேன். நீங்க முதல்ல டீ குடிங்க."

மூவரும் மாலை வரை அதைத் திட்டினார்கள். திட்டுவதில் தம்பிக்கு இருந்த கைவண்ணத்தைப் பார்த்துப் பல்லக்கா அசந்துபோனாள். நடுநடுவே வேறு பேச்சும் வந்தது. சேர்ந்து வாழ்வதாகப் பல்லக்கா அன்றைக்குச் சொன்னபோது ஏன் மழையைப் பற்றிப் பேசினான் என்று டீச்சரே கேட்டுவிட்டாள். தம்பி கோப்பையின் காதைத் தடவிக்கொண்டே இருந்தான்.

"தப்பா ஏதாவது சொல்லி, நீங்க என்னை வர வேண்டாம்னுட்டா என்ன பண்றதுன்னு பயம். அதனால எதுவும் சொல்லாம இருந்துட்டேன். இருந்து இருந்து பழகிருச்சு. என்ன முறை சொல்லிக் கூப்பிடறதுன்னும் தெரியல. அக்கா புருஷன்னா மாமான்னு கூப்பிடலாம். உங்களை எப்படி மாமாங்கறது?"

"கூப்பிட்டுப் பாக்கறது" என்றாள் டீச்சர். பல்லக்காவுக்குப் புரையேறியது.

அன்று போகும்போது, கம்பெனிக்குத் தான் ஒரு கடிதம் எழுதப்போவதாகத் தம்பி அறிவித்தான். எழுதவும் செய்தான். நாலு பக்கம். லிப்ட் கதவைப் பற்றி ஒரு பக்கம், படகைப் பற்றி ஒன்றரைப் பக்கம், சிங்கப்பல்லைப் பற்றி அரைப் பக்கம். மீதி ஒரு பக்கத்தில், தன் அக்காவும் அண்ணியும் பதினாறு வருடமாக ஒரே வீட்டில் சண்டை போட்டுக்கொண்டு சந்தோஷமாக இருப்பதாகவும், அப்படி ஒரு கதை எடுக்க ஒன்றும் பெரிய செலவாகாது என்றும் எழுதியிருந்தான். அனுப்புவதற்கு முன் பல்லக்காவிடம் படித்துக் காட்டினான். அவள் எழுத்துப்பிழை திருத்துகிற சாக்கில் அந்தக் கடைசிப் பக்கத்தை மட்டும் ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொண்டாள்.

மூன்று வாரம் கழித்து, லேபில் உலை சூடாவதற்காகக் காத்திருந்தபோது தம்பி அழைத்தான்.

"அக்கா, பதில் வந்துருச்சு."

"என்ன எழுதியிருக்காங்க?"

"'உங்கள் அன்புக்கு நன்றி'ன்னு ஒரு வரி. நான் எழுதினதை எவனும் படிக்கல. அதோட ஒரு தள்ளுபடிக் கூப்பன். வானவில் ரப்பர் செருப்பாம். குளத்தங்கரையில வழுக்காதாம்."

பல்லக்கா சிரித்ததில் மேசை மேல் இருந்த பீங்கான் பொடி பறந்தது. "வெட்கமே இல்லாத ஜென்மங்க. அந்தக் கூப்பனைக் கிழிச்சுப் போடு."

மறுமுனையில் தாளை மடிக்கும் சத்தம் கேட்டது.

"டேய், கிழிச்சியா இல்லையா?"

தம்பி தொண்டையைச் செருமினான்.

"அண்ணியோட கால் அளவு என்னன்னு கேக்கத்தான்கா போன் பண்ணேன்."